தையலுக்குப் பிறகு வரும் வேலை

கையில் டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்துபோனால் வீட்டார் முதலில் விசாரிப்பது, எந்த டாக்டர் நன்றாகத் தைப்பார் என்பதைத்தான். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் கை மறுவாழ்வு சிகிச்சையில் கழிந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, நன்றாகத் தைக்கப்பட்டும் மடங்காமல் போன விரல்களே என் நினைவில் அதிகம் நிற்கின்றன. தையல் பிடித்திருக்கும், காயம் ஆறியிருக்கும், எக்ஸ்ரேயில் எலும்பில் ஒரு குறையும் இருக்காது. விரல் நுனி மட்டும் உள்ளங்கையைத் தொடாது. மாஞ்சா நூல் அறுத்தது, உடைந்த கண்ணாடி கிழித்தது, தேங்காய் வெட்டும்போது அரிவாள் இறங்கியது, பவர் பிரஸ்ஸில் மாட்டியது என்று காயத்தின் கதை ஆளுக்கு ஆள் மாறும். மாதங்கள் கழித்து வந்து நிற்கும் விரல் மட்டும் ஒரே மாதிரி விறைத்திருக்கும். டெண்டன் அறுவை சிகிச்சையில் பாதி வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, தைத்த பிறகான முதல் சில வாரங்களில் நடக்கிறது என்பதும், அந்தப் பாதியை நாம் உபரியாக நினைப்பதால்தான் பல கைகள் வீணாகின்றன என்பதும் இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் டெண்டன்கள் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையைக் கடந்து, ஒவ்வொரு விரலுக்கும் இரண்டாகப் போய்ச் சேர்கின்றன (கட்டை விரலுக்கு மட்டும் ஒன்று). ஒன்று நடு எலும்பில் முடிகிறது, இன்னொன்று அதைத் துளைத்துக்கொண்டு நுனி எலும்பு வரை போகிறது. சைக்கிள் பிரேக் கம்பி அதன் உறைக்குள் ஓடுவதைப் போல, இந்த இரண்டும் ஓர் இறுக்கமான உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். வழுக்கவில்லை என்றால் தசை எவ்வளவு இழுத்தாலும் விரல் அசையாது. அறுந்ததைத் தைத்ததும் உடம்பு தன் வழக்கப்படி தழும்பு போட ஆரம்பிக்கிறது. தழும்புக்கு டெண்டன் எது, உறை எது, பக்கத்து எலும்பு எது என்ற பேதம் தெரியாது. இரண்டு முனைகளையும் சேர்க்கிற அதே தழும்பு, டெண்டனைச் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டுதான் நாம் பேசுகிற சிக்கல். ஆறவும் வேண்டும், ஒட்டவும் கூடாது என்ற இந்த நெருக்கடி உடம்பின் மற்ற காயங்கள் பலவற்றில் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. வயிற்றில் போட்ட தையல் அக்கம்பக்கத்தோடு கொஞ்சம் ஒட்டினாலும் ஆள் வேலைக்குப் போய்விடுவார். விரலுக்குள் சில மில்லிமீட்டர் ஒட்டினாலே பிடி போய்விடும்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பு வரை உள்ள பகுதியைக் கை அறுவை நிபுணர்கள் இரண்டாம் மண்டலம் என்பார்கள். இரண்டு டெண்டன்களும் ஒரே உறைக்குள் நெருக்கியடித்து ஓடும் இடம் அது. கை அறுவைத் துறைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்கர் ஸ்டெர்லிங் பன்னெல், அந்தப் பகுதியை ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்றார். இரண்டு படைகளின் பதுங்குகுழிகளுக்கு நடுவே யாரும் கால் வைக்க முடியாத நிலத்துக்குப் போர்க்காலத்தில் வழங்கிய பெயர். அங்கே அறுந்தால் உடனே தைக்காதீர்கள், தோலை மட்டும் மூடிவிட்டு, பிறகு வேறோர் இடத்திலிருந்து டெண்டன் எடுத்துப் பொருத்துங்கள் என்பதுதான் பல பத்தாண்டுகள் கோலோச்சிய அறிவுரை. தைத்தாலும் அசைக்காதே என்பதற்கும் அன்றைக்கு ஆதாரம் இருந்தது. 1941-ல் மேசனும் ஆலனும் நாய்களின் டெண்டன்களைத் தைத்து, நாளுக்கு நாள் அவற்றின் வலுவை அளந்து பார்த்தார்கள். தைத்த சில நாட்களிலேயே முனைகள் மெத்தென்றாகித் தையலின் பிடி தளர்ந்துவிடுவதும், வலு திரும்பி ஏற வாரக்கணக்கில் ஆவதும் தெரிந்தது. ஆகவே மூன்று வாரம் முழு ஓய்வு என்று சட்டமாயிற்று. அந்தப் பழைய மருத்துவர்கள் அறியாமையால் கட்டுப் போட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கையில் இருந்த ஆதாரத்தை வைத்து நியாயமான முடிவுக்குத்தான் வந்தார்கள். ஆனால் அந்த ஆதாரமே அசையாமல் வைக்கப்பட்ட டெண்டனைப் பற்றியது என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் க்ளோட் வெர்டான் 1960-லேயே இரண்டாம் மண்டலத்தில் உடனடித் தையல் சாத்தியம் என்று எழுதினார். 1967-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த ஹெரால்ட் க்ளைனர்ட், உடனே தைத்து, விரல் நகத்தில் ரப்பர் பேண்டைக் கட்டி, நோயாளியே விரலை நீட்ட, ரப்பர் அதைத் திரும்ப மடக்க, இப்படி ஆரம்பத்திலிருந்தே அசைத்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று அமெரிக்கக் கை அறுவைச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னபோது, பெரியவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1975-ல் டூரானும் ஹௌசரும் இன்னும் எளிமையான ஒன்றைக் காட்டினார்கள். தைத்த இடம் உறைக்குள் 3 முதல் 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, விரலைப் பூட்டிவிடும் அளவுக்கு ஒட்டு கெட்டிப்படாது என்றார்கள். அந்த நகர்வை மறு கையால் மெல்ல மடக்கிவிட்டே உண்டாக்க முடியும். பிறகு வந்தது அடிப்படைக் கேள்விக்கான பதில். வெளியிலிருந்து திசுக்கள் வந்து ஒட்டினால்தான் டெண்டன் ஆறும், ஆகவே ஒட்டு தவிர்க்க முடியாத தீமை என்று அதுவரை பலரும் நம்பினார்கள். 1978-ல் லுண்ட்போரியும் ராங்கும் முயலின் டெண்டனை அறுத்துத் தைத்து, அதன் முழங்கால் மூட்டுக்குள் எதனோடும் ஒட்டாமல் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மூட்டு நீரில் ஊறிக் கிடந்த நிலையிலேயே அது ஆறியது. அடுத்த சில ஆண்டுகளில் கெல்பர்மன் குழு நாய்களிடம் செய்த சோதனைகளில், ஆரம்பத்திலேயே அசைக்கப்பட்ட டெண்டன்கள் அசையாமல் வைத்தவற்றைவிட வலுவாகவும் வழவழப்பாகவும் ஆறியிருந்தன. மேசனும் ஆலனும் பார்த்த அந்தத் தளர்ச்சியில் ஓய்வுக்கும் பங்கு இருந்தது என்று பொருள். ஓய்வு கொடுத்தால் பலமாக ஆறும் என்ற எண்ணத்தின் வேர் அதோடு அறுந்தது என்பேன்.

இதெல்லாம் புத்தகத்துக்கு வந்துவிட்டது. வார்டுகளுக்கு வர நாளாயிற்று. நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் பல இடங்களில் நடந்தது இதுதான்: தைத்து, மாவுக்கட்டுப் போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, ‘பிசியோவுக்குப் போங்க’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டோடு வருகிற கையில் ஒட்டு ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். பிறகு மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட், கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது. வலியில் ஆள் துடிப்பார், மறுநாள் விரல் வீங்கியிருக்கும், அந்த வீக்கமே புதுத் தழும்புக்கு உரமாகும். வீட்டிலோ எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற ஆட்கள் இதே காரியத்தை இன்னும் பலமாகச் செய்வார்கள். இப்படி முறுக்குவதற்கு எதிரான பாடத்தைக் கற்றுக்கொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கி இறுகிப்போன கைகளுக்கு டெண்டனை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையைச் செய்து பெயர் பெற்றவர். விறைத்த மூட்டை ஒரே மூச்சில் இழுத்து நிமிர்த்தினால் திசு கிழியும், கிழிந்த இடம் மேலும் சுருங்கும். மெல்லிய இழுப்பை நெடுநேரம் கொடுத்தால் திசுவே தன்னை நீளமாக வளர்த்துக்கொள்ளும் என்பதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றப்படும் சின்ன மாவுக்கட்டுகளால் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தும் முறையை அவர் பரவலாக்கினார். 1985-ல் வெளிவந்த அவருடைய கை இயக்கவியல் நூல் இன்றும் கை சிகிச்சையாளர்களின் பாடநூல். வலி இல்லாமல் பலன் இல்லை என்று நினைக்கும் பிசியோக்கள் இன்னும் இருக்கிறார்கள். கை விஷயத்தில் அது தவறான பேச்சு.

விறைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. மடங்காத விரலைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, அது ஏன் மடங்கவில்லை என்று. நான் என் கையால் மெல்ல மடக்கினால் முழுசாக மடங்குகிறது, நோயாளி தானாக மடக்கச் சொன்னால் பாதியில் நிற்கிறது என்றால், மூட்டு நன்றாக இருக்கிறது, டெண்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கையால் மடக்கினாலும் மடங்கவில்லை என்றால் கோளாறு மூட்டிலும் அதைச் சுற்றிய சவ்விலும், அல்லது விரலின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்ட நீட்டும் டெண்டனிலும் இருக்கலாம். மணிக்கட்டை மடக்கியபோது விரல் நீள்கிறது, மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தால் விரல் சுருள்கிறது என்றால் மூட்டின் மேல் பழி போட முடியாது. டெண்டன் முன்கையில் கட்டுண்டு கிடக்கிறது. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒட்டிய டெண்டனுக்குத் தேவை அதன் சொந்தத் தசையின் இழுப்பு: மற்றக் கணுக்களை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு கணுவை மட்டும் மடக்குவது, கொக்கி, நேர்முஷ்டி, முழுமுஷ்டி என்று வெவ்வேறு வடிவங்களில் கையை வைத்து இரண்டு டெண்டன்களையும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவைப்பது. இறுகிய மூட்டுக்குத் தேவை இரவில் போடும் ஸ்ப்ளின்டும் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) மெல்லிய நீண்ட இழுப்பும். இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல் எல்லா விரலுக்கும் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வது பரவலான வழக்கம். ஆறாத டெண்டனுக்குப் பந்து ஆபத்து, ஒட்டிய டெண்டனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அளப்பதிலும் இதே அசட்டை. நடுக்கணு 80 பாகை, நுனிக்கணு 40 பாகை மடங்கி, நீட்டும்போது 15 பாகை குறைகிறது என்று வையுங்கள். பார்வைக்குப் பரவாயில்லை என்று தோன்றும். கை அறுவை நிபுணர் ஸ்ட்ரிக்லாண்டின் கணக்குப்படி 120-லிருந்து 15-ஐக் கழித்து, இயல்பான 175-ஆல் வகுத்தால் 60 சதவீதம். அவருடைய அளவுகோலில் அது ‘நன்று’ என்ற படியைக்கூட எட்டாத நடுத்தரம். எண் எழுதப்படாத இடத்தில் விரல் மோசமாவதும் யார் கண்ணிலும் படாது.

தைத்ததும் சீக்கிரமே அசைப்பதற்கு எதிரான முதல் வாதம், அசைத்தால் தையல் அறுந்துவிடும் என்பது. பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். அறுந்தவர்கள் உண்டு, மறுபடி தைப்பது சுலபமும் இல்லை. ஆனால் இந்தப் பயத்தின் அளவு தெரிய வேண்டும். 2013-ல் ஸ்டாரும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரப்பர் பேண்டோ மறு கையோ மடக்கிவிட்ட கைகளில் சுமார் 4 சதவீதமும், நோயாளி தானாகவே அசைத்த கைகளில் சுமார் 5 சதவீதமும் அறுந்திருந்தன. அசைவு குறைந்துபோனது முதல் வகையில் 9 சதவீதம், இரண்டாவதில் 6 சதவீதம். தானாக அசைப்பதால் கூடிய ஆபத்து மிகச் சிறிது, குறைந்த விறைப்பு அதைவிட அதிகம். அறுப்பதும் பல நேரங்களில் மெல்லிய பயிற்சி அல்ல; கட்டைக் கழற்றிவிட்டுப் பையைத் தூக்குவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, தூக்கத்தில் கையை மடித்துக்கொள்வது போன்றவைதான். தையலும் மாறிவிட்டது. முன்பு அறுந்த இடத்தைத் தையலின் இரண்டு இழைகள் தாண்டின என்றால், இப்போது நான்கும் ஆறும் தாண்டுகின்றன. கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறையில் நோயாளி முழு விழிப்போடு இருக்க, விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து தைக்கிறார்கள். மேஜையிலேயே விரலை மடக்கச் சொல்லி, தையலில் இடைவெளி விழுகிறதா, உறையில் தட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் தோலை மூடுகிறார்கள். தன் கண்ணெதிரே மடங்கிய விரலை வீட்டுக்குப் போய் அசைக்க அவருக்குப் பயம் குறைவு. இன்னொரு விஷயம், அசைப்பது என்றால் அன்றே அசைப்பது அல்ல. வீக்கம் கொஞ்சம் வடியும் வரை, மூன்று முதல் ஐந்து நாள் வரை, காத்திருப்பது பொதுவான வழக்கம். வீங்கிய விரலுக்குள் டெண்டன் ஓடுவதற்கு எதிர்ப்பு அதிகம், அந்த எதிர்ப்பும் தையலை இழுக்கும்.

இரண்டாவது வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது, கனமானது. 2021-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு இந்தத் துறையின் சோதனைகளைத் தேடி எடுத்ததில் தேறியவை 17 மட்டுமே. அவற்றிலிருந்து கிடைத்த ஆதாரத்தின் உறுதி மிகக் குறைவு, எந்த முறை சிறந்தது என்று சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அப்படியானால் நீங்கள் இவ்வளவு அடித்துச் சொல்வது எதை வைத்து என்று கேட்கலாம். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஓர் அசைவு முறையை இன்னோர் அசைவு முறையோடு ஒப்பிட்டவை. ரப்பர் பேண்டா, மறு கையா, தானாக மடக்குவதா, நீண்ட ஸ்ப்ளின்டா, மான்செஸ்டரில் உருவான குட்டை ஸ்ப்ளின்டா என்பதில்தான் சந்தேகம். அசைப்பதா, சும்மா வைப்பதா என்ற கேள்வி அவற்றில் பெரும்பாலும் எழவே இல்லை. எந்த முறை என்பதில் நானும் பிடிவாதம் பிடிக்கத் தயாரில்லை. அதை டாக்டரும் சிகிச்சையாளரும் தையலின் பலத்தையும் ஆளின் குணத்தையும் பார்த்து முடிவு செய்யட்டும். சின்னக் குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரம் கட்டிவைப்பதையும் ஆட்சேபிக்க மாட்டேன். சொன்னதைக் கேட்டு அளவோடு அசைக்க அவர்களால் முடியாது, அவர்களுடைய கை அந்த ஓய்விலிருந்து பெரியவர்களின் கையைவிட நன்றாக மீண்டுவிடுகிறது. அதைக் காட்டிப் பெரியவர்களுக்கும் கட்டை நீட்டிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒட்டினால் ஒட்டட்டும், பிறகு இன்னொரு ஆபரேஷனில் பிரித்துவிடலாமே என்று சொல்பவர்களும் உண்டு. ஒட்டை விடுவிக்கும் அந்த அறுவை சில கைகளுக்கு அவசியம்தான். ஆனால் அதைப் பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் செய்வதில்லை. பயிற்சியால் இனி முன்னேற்றமில்லை என்று தெளிவாகத் தெரிய வேண்டும், தோல் மென்மையாகியிருக்க வேண்டும், மூட்டுகள் பிறர் மடக்கினால் முழுசாக மடங்க வேண்டும். அந்த நிலைக்கு மூட்டைக் கொண்டுவருவதே மாதக்கணக்கான பயிற்சிதான். அறுவை முடிந்த உடனே, வீக்கமும் வலியும் இருக்கும்போதே, மறுபடி அசைக்கவும் வேண்டும். இல்லையென்றால் விடுவித்த இடமே புதுக் காயம், புதுத் தழும்பு. முதல் முறை பயிற்சியைத் தவிர்த்தவருக்கு இரண்டாம் அறுவை அதே பயிற்சியை இன்னும் கடினமான வடிவில் திருப்பிக் கொடுக்கிறது.

பதில் சொல்லச் சிரமமான வாதம் ஒன்றே ஒன்றுதான்: வருவதற்கு வழியில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் கைக்கென்றே தனிப் பிரிவுகள் வளர்ந்து, தமிழ்நாட்டில் கை அறுவைக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் தைப்பதற்கு ஒரு நாள் பயணம் போதும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது கையைக் காட்ட வேண்டும், ஸ்ப்ளின்டைத் திருத்த வேண்டும். தினக்கூலிக்காரருக்குப் பஸ் காசும் போகிறது, அன்றைய சம்பளமும் போகிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வேலையிடத்தில் பட்ட காயம் என்றால், வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகை உண்டு. சாதாரண உடல்நலக்குறைவு என்றால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். பட்டறையில் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும், வீட்டில் அரிவாள்மனையில் கை அறுந்த பெண்ணுக்கும் இதில் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் வரை ஸ்ப்ளின்ட், அதன் பின் லேசான வேலை, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே பாரம் என்ற கால அட்டவணை அவர்களைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் இந்தச் சிரமம் காட்டுவது பயிற்சி தேவையில்லை என்பதை அல்ல, பயிற்சியை நாம் அவர்கள் பக்கம் கொண்டுபோகவில்லை என்பதை. தாலுகா மருத்துவமனை பிசியோவுக்கு ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு, தைத்த இடம், இழைகளின் எண்ணிக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்த அசைவு என்ற விவரத்தோடு போனால், பாதிப் பயணம் மிச்சம். வாட்ஸாப்பில் விரலின் வீடியோவைப் பார்த்து யாரை உடனே வரச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கவும் முடியும். இதற்கு ஆகும் செலவு இரண்டாவது ஆபரேஷனின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

உங்கள் வீட்டில் யாருக்காவது டெண்டன் தைக்க நேர்ந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: விரலை எந்தத் தேதியிலிருந்து அசைக்க வேண்டும், எப்படி அசைக்க வேண்டும், எந்தத் தேதி வரை எதைத் தூக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னால், அதுவரை கையை யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.